'ப்ளூஸ் இசையின் தந்தை' டபிள்யூ.சி. ஹேண்டி: கைவிட்டுப் போன பாட்டு 28 வருடம் கழித்துத் திரும்பிய கதை!

ராக், ஜாஸ், சோல்... மேற்கத்திய இசையில் எதை எடுத்துக்கொண்டாலும், அதன் வேரைத் தோண்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் 'ப்ளூஸ்' என்ற சொல் வந்து நிற்கும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக்காட்டிலும் ரயில் பாதையிலும் வேலை பார்த்த கறுப்பின உழைப்பாளிகள், தங்கள் கஷ்டத்தையும் காதலையும் கிண்டலையும் கொட்டிப் பாடிய இசை அது. எழுதி வைக்க ஆளில்லாமல், வாய்வழியாகவே ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தது.

அதைக் கேட்டு, தாளில் எழுதி, அச்சடித்து, உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் வில்லியம் கிறிஸ்டோபர் ஹேண்டி. சுருக்கமாக, டபிள்யூ.சி. ஹேண்டி. பாடலாசிரியர், இசையமைப்பாளர், பேண்டு மாஸ்டர், பதிப்பாளர் என்று பல முகம் கொண்ட மனிதர்.

ஆனால் அவர் கதையில் பாட்டு மட்டுமில்லை. 'ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம்?' என்று இன்றுவரை நாம் அடித்துக்கொள்கிற கேள்வியும் இருக்கிறது. வாங்க, முதலிலிருந்து பார்க்கலாம்.

கிடார் போய் அகராதி வந்தது!

1873-ம் ஆண்டு நவம்பர் 16 அன்று, அலபாமா மாநிலத்தின் ஃப்ளாரன்ஸ் ஊரில் ஹேண்டி பிறந்தார். தாத்தா கட்டிய மரக்குடிசைதான் வீடு. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து வெறும் 8 வருடங்களே ஆகியிருந்த காலம் அது. தாத்தாவும் பாதிரியார், அப்பாவும் பாதிரியார். இசைக்கருவிகள் எல்லாம் சாத்தானின் சாமான்கள் என்று நம்பிய கண்டிப்பான அப்பா.

பையனுக்கோ கடை ஜன்னலில் பார்த்த ஒரு கிடார் மேல் கண். பழம் பறித்து விற்றார், கொட்டை பொறுக்கினார், சோப்பு காய்ச்சினார். காசு காசாகச் சேர்த்து, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அந்த கிடாரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அப்பா என்ன செய்தார் தெரியுமா? 'போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, உருப்படியாக எதையாவது வாங்கி வா' என்று விரட்டிவிட்டார். கிடார் கடைக்குப் போனது. பதிலுக்கு வீட்டுக்கு வந்தது ஒரு வெப்ஸ்டர் அகராதி!

ஒரேயடியாக அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. மகனுக்கு ஆர்கன் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்ததும் அவர்தான். தேவாலயத்தில் வாசிப்பதென்றால் அது வேறு கணக்கு. ஆனால் இசைக்காரனாகப் பிழைப்பு நடத்துவது என்பது, அன்றைய மரியாதையான கறுப்பினக் குடும்பங்களில் நினைத்துப் பார்க்கக்கூடாத விஷயம். சாராயக்கடை, சூதாட்டம், ஊர்சுற்றல் இதெல்லாம்தான் அந்தத் தொழிலோடு சேர்ந்து அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

ஹேண்டி விடவில்லை. ஊரில் இருந்த பேண்டு குழுவில் ரகசியமாகச் சேர்ந்தார். கூட வாசித்த ஒருவரிடமிருந்து கார்னெட் வாங்கினார் (ட்ரம்பெட் மாதிரி, கொஞ்சம் குட்டையான ஊதுகருவி). கிடைத்த நேரமெல்லாம் பழகினார்.

இரும்பு உருக்கும் உலையில் மண்வெட்டி பிடிக்கிற வேலையும் பார்த்தார். அங்கே வேலைக்கு நடுவில் ஓய்வு கிடைத்தால், கூட்டாளிகள் மண்வெட்டிகளை இரும்புத் தள்ளுவண்டியில் தட்டித் தட்டி விதவிதமான ஓசை எழுப்புவார்களாம். நாடா நாலு தட்டு, நங்கூரமா ஒரு தட்டு என்று தாளமே உருவாகிவிடும். பின்னாளில் இதை ரொம்பவும் நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார் ஹேண்டி. குருவிகளின் சத்தம், ஆந்தையின் அலறல், ஓடையின் சலசலப்பு என்று சின்ன வயதில் காதில் விழுந்ததையெல்லாம் இசையாகவே கேட்டுப் பழகிய மனிதர் அவர்.

வாத்தியார் வேலையா, வயிற்றுப்பாடா?

1892-ல் பர்மிங்ஹாம் நகருக்குப் போய் ஆசிரியர் தேர்வு எழுதினார், பாஸும் ஆனார். ஆனால் சம்பளத்தைக் கேட்டதும் தலை சுற்றியது. குழாய் தயாரிக்கும் தொழிற்சாலையில் அதைவிட அதிகம் கிடைத்தது! வாத்தியார் வேலையை உதறிவிட்டு அங்கே போனார். ஓய்வு நேரத்தில் பேண்டு, பாட்டுக் குழு.

சிகாகோவில் பெரிய உலகக் கண்காட்சி நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டு, நண்பர்களோடு ஒரு நால்வர் பாட்டுக் குழுவாகக் கிளம்பினார். அங்கே போய்ச் சேர்ந்தால், கண்காட்சி ஒரு வருடம் தள்ளிப் போயிருந்தது. கையில் காசில்லை. அடுத்து செயின்ட் லூயிஸ் நகரம். அங்கும் வேலையில்லை. மிசிசிப்பி ஆற்றங்கரையில், படகுகள் வந்து நிற்கும் துறையின் கருங்கல் தரையில் படுத்துத் தூங்கிய நாட்கள் அவை.

ஒருநாள் அந்த ஊர் வீதியில் ஒரு பெண், தள்ளாடியபடி, தன் கணவனின் கல்நெஞ்சை நினைத்துப் புலம்பிக்கொண்டு போவதைப் பார்த்தார். அந்தப் புலம்பலும், அது வந்து விழுந்த சொற்களின் அழகும் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 22 வருடம் கழித்து இது திரும்ப வரும்.

வாரம் 6 டாலர்... வழியெல்லாம் அவமானம்!

1896-ல் ஹேண்டியின் வாழ்க்கை ஒரு திருப்பம் கண்டது. 'மஹாராஸ் மின்ஸ்ட்ரல்ஸ்' என்ற ஊர் ஊராகப் போகும் கலைக்குழுவில் சேர்ந்தார். ஆரம்பச் சம்பளம் வாரத்துக்கு 6 டாலர். சீக்கிரமே பேண்டு மாஸ்டராகவும் ஆனார். அதே காலகட்டத்தில் எலிசபெத் பிரைஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவருக்கும் ஆறு குழந்தைகள்.

'மின்ஸ்ட்ரல் ஷோ' என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிப் பாடிய மேடை நிகழ்ச்சியாகத்தான் அது தொடங்கியது. பின்னாளில் கறுப்பினக் கலைஞர்களுக்கும் மேடை ஏற அதுதான் கிடைத்த வழி. தங்களைக் கேலி செய்ய உருவான மேடையிலேயே ஏறித் திறமையைக் காட்ட வேண்டிய நிலைமை! பயணம் போகிற ஊர்களில் வெறுப்பும் குறைவில்லை. டெக்சாஸில் ஓரிடத்தில் குழு போன ரயில் பெட்டியைத் துப்பாக்கியால் சுட்டிருக்கிறார்கள் என்று ஹேண்டி எழுதுகிறார்.

ஆனாலும் அந்தப் பயணங்கள்தான் அவருக்குப் பல்கலைக்கழகம். டெக்சாஸ், டென்னசி, ஜார்ஜியா, ஃப்ளோரிடா எல்லாம் தாண்டி கியூபா வரைக்கும் போனார்கள். கியூபாவில் கேட்ட 'ஹபனேரா' தாளம் அவர் காதை விட்டுப் போகவே இல்லை. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் 1900 முதல் 1902 வரை, அலபாமாவில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி ஒன்றில் இசை ஆசிரியராக இருந்தார். அங்கே ஐரோப்பிய இசைக்குத்தான் மரியாதை. சொந்த மக்களின் இசை என்றால் மட்டம்! ஹேண்டி ஒரு குறும்பு செய்தார். கொண்டாட்டமான ஒரு 'ராக்டைம்' உருப்படிக்குக் கனமான, கண்ணியமான வேறொரு பெயரை வைத்து நிகழ்ச்சியில் சேர்த்துவிட்டார். கல்லூரித் தலைவர் ரசித்துக் கேட்டுப் பாராட்டினாராம். பெயரை மாற்றினால் மரியாதையும் மாறிவிடுகிறது. இந்தப் பாடம் ஹேண்டிக்குப் பிற்பாடு ரொம்பவே உதவியது.

ஒன்பது மணி நேரம் லேட்டான ரயில்!

1903-ல் ஹேண்டிக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று, மிச்சிகன் மாநிலத்தில் வெள்ளையர் பேண்டு ஒன்றை நடத்துவது. இன்னொன்று, மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் ஊரில் கறுப்பினத்தவரின் சங்கம் ஒன்றுக்கான பேண்டு. முதலாவதுதான் பணமும் பெயரும் தரும் என்று யாரும் சொல்வார்கள். ஏதோ ஓர் உந்துதலில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அந்த முடிவு மட்டும் மாறியிருந்தால், இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

அந்த நாட்களில் ஒரு ராத்திரி. டட்வைலர் என்ற சின்ன ரயில் நிலையத்தில் ஹேண்டி காத்திருந்தார். ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம். கண்ணயர்ந்தவரை ஓர் ஓசை எழுப்பியது. பக்கத்தில் கந்தல் உடையில், பிய்ந்த செருப்போடு ஒரு மெலிந்த மனிதர் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். விரலால் இல்லை, ஒரு கத்தியைத் தந்திகள் மேல் அழுத்தி இழுத்து வாசித்தார். தந்தி அழுவது மாதிரி இருந்தது. இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிட்டுக்கொள்ளும் ஓர் ஊருக்குப் போவதைப் பற்றி ஒரே வரியை மூன்று தடவை பாடினார். கிடார் பதில் சொன்னது.

தான் அதுவரை கேட்டதிலேயே விசித்திரமான இசை அதுதான் என்று ஹேண்டி பின்னாளில் எழுதினார். அந்த மனிதரின் பெயர் கடைசிவரை யாருக்கும் தெரியாது.

காலடியில் கொட்டிய வெள்ளிக் காசுகள்

டட்வைலரில் கேட்டது ஆச்சரியம் என்றால், கிளீவ்லாந்து என்ற இன்னொரு மிசிசிப்பி ஊரில் கிடைத்தது கண் திறப்பு. ஒரு நடன நிகழ்ச்சியில் ஹேண்டியின் ஒன்பது பேர் குழு வாசித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் நோட்டுப் பார்த்து வாசிக்கத் தெரிந்த பயிற்சி பெற்ற கலைஞர்கள். கூட்டத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது: 'உங்கள் ஊர்ப் பாட்டு ஏதாவது வாசியுங்களேன்!'

தெரிந்த பழைய மெட்டு ஒன்றை வாசித்தார்கள். கூட்டத்துக்குத் திருப்தியில்லை. 'உள்ளூர்ப் பையன்கள் கொஞ்சம் வாசிக்கட்டுமா?' என்று அடுத்த கேள்வி. சரி என்றார் ஹேண்டி. அடிபட்ட கிடார், ஒரு மேண்டலின், தேய்ந்துபோன ஒரு பாஸ். இப்படி மூன்று பேர் வந்தார்கள். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்பது மாதிரி ஒரே சந்தத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள்.

ஹேண்டி மனதுக்குள் சிரித்திருப்பார். ஆனால் அடுத்த நிமிடம் வெள்ளி டாலர்கள் அவர்கள் காலடியில் மழையாகக் கொட்டின! ஹேண்டியின் ஒன்பது பேருக்கும் அன்றைக்குப் பேசிய மொத்தக் கூலியைவிட, அந்த மூன்று பேருக்குக் கிடைத்தது அதிகம்.

அன்றைக்குத்தான் தனக்குப் புத்தி வந்தது என்று ஹேண்டி வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். இந்த இசைக்கு மெருகு கொஞ்சம் தேவைப்படலாம். ஆனால் மக்களுக்கு வேண்டியதன் சாரம் இதற்குள் இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் இந்த மாதிரி மெட்டுகளைத் தன் குழுவுக்காக எழுத ஆரம்பித்தார்.

சரி, ப்ளூஸ் என்றால் என்ன?

ரொம்பச் சிக்கலில்லை. அதன் பொதுவான வடிவம் இதுதான்:

* ஒரு வரி பாட வேண்டும். அதையே இன்னொரு தடவை பாட வேண்டும். மூன்றாவது வரி அதற்கு ஒரு பதிலோ, முடிவோ சொல்லும்.
* ஒவ்வொரு வரிக்கும் நான்கு தாளக் கட்டம். மூன்று வரிக்கும் சேர்த்து 12. இதைத்தான் '12 பார் ப்ளூஸ்' என்பார்கள்.
* பெரும்பாலும் மூன்றே மூன்று கார்டுகள்தான்.
* ஸ்வர வரிசையில் மூன்றாவதையும் ஏழாவதையும் கொஞ்சம் இறக்கிப் பாடுவார்கள். அந்த இறக்கம்தான் ஏக்கத்தைத் தருகிறது. அதற்குப் பெயரே 'ப்ளூ நோட்'.

உதாரணத்துக்கு நாமே ஒன்று கட்டிப் பார்க்கலாமா? 'மழையும் விடல, வர வேண்டிய வண்டியும் வரல... மழையும் விடல, வர வேண்டிய வண்டியும் வரல... நனைஞ்ச தலையோட நான் யார் வீட்டுக் கதவத் தட்ட?' அவ்வளவுதான், வடிவம் வந்துவிட்டது! இரண்டாவது தடவை பாடும்போது கேட்கிறவர் மனதில் 'அப்புறம்?' என்ற எதிர்பார்ப்பு வரும். மூன்றாவது வரி அதை நிறைவேற்றும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கொஞ்சம் இடம் விடுவார்கள். அதில் கிடாரோ ட்ரம்பெட்டோ பதில் பேசும்.

ஹேண்டி செய்தது என்னவென்றால், ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டிருந்த இந்த வடிவத்தை, யார் வேண்டுமானாலும் பார்த்து வாசிக்கும்படி நோட்டில் கட்டி வைத்தது.

தேர்தல் பாட்டும், போன பாட்டும்

1909 வாக்கில் மெம்ஃபிஸ் நகரத்தின் பீல் தெருவுக்கு இடம் மாறினார் ஹேண்டி. கறுப்பின மக்களின் கடைகள், மதுக்கூடங்கள், நாடகக் கொட்டகைகள் நிறைந்த தெரு. அங்கே 'பீ வீஸ்' என்ற மதுக்கூடம்தான் இசைக்கலைஞர்களின் அலுவலகம் மாதிரி. கச்சேரிக்கு ஆள் வேண்டும் என்றால் அங்கேதான் தொலைபேசி அழைப்பு வரும்.

அந்த வருடம் மேயர் தேர்தல். எட்வர்ட் கிரம்ப் என்ற வேட்பாளருக்காகப் பிரசாரத்தில் வாசிக்க ஹேண்டியின் பேண்டு அமர்த்தப்பட்டது. அதற்கென்று ஒரு மெட்டுப் போட்டார். வேடிக்கை என்னவென்றால், 'ஊரைத் திருத்துவேன்' என்று சொன்ன வேட்பாளரையே கிண்டல் செய்கிற மாதிரிதான் ஜனங்கள் அதற்கு வார்த்தை போட்டுப் பாடினார்கள்! ஆனாலும் கிரம்ப் ஜெயித்தார். பாட்டும் ஜெயித்தது.

1912 செப்டம்பரில் அந்த மெட்டை 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' என்ற பெயரில் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். ரெக்கார்டுகள் பரவலாகாத காலம் அது. பாட்டு வேண்டும் என்றால் கடையில் நோட்டுத் தாள் வாங்கி, வீட்டுப் பியானோவில் வாசிக்க வேண்டும். அதுதான் அன்றைய 'ஹிட்' கணக்கு.

இங்கேதான் ஏமாந்தார் ஹேண்டி. 'உங்கள் பாட்டு விற்கவே இல்லை' என்று அவருக்குச் சொல்லப்பட்டது. மனம் நொந்துபோனவர், 100 டாலருக்கு மிகாத ஒரு தொகைக்கு மொத்த உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டார். உண்மையில் பாட்டு நன்றாகவே விற்றுக்கொண்டிருந்தது! வாங்கியவர்கள் அதற்கு வேறொருவரைக் கொண்டு வரிகள் எழுதிச் சேர்த்து வெளியிட்டார்கள். நாடு முழுக்க ஹிட்.

நியூயார்க்கில் வெர்னான் - ஐரீன் காசில் என்ற புகழ்பெற்ற நடனத் தம்பதி இருந்தார்கள். அவர்களுடைய இசைக்குழுத் தலைவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப், நடனங்களுக்கு நடுவே இந்த மெட்டை மெதுவாக வாசிப்பாராம். அதைக் கேட்டுத்தான் 'ஃபாக்ஸ்ட்ராட்' நடனம் உருவானது என்று நடன வரலாற்றில் அடிக்கடி சொல்வார்கள். உலகமே அந்த மெட்டுக்கு ஆடியது. மெட்டுப் போட்டவருக்கு மட்டும் ஒரு சென்ட்கூட வரவில்லை.

இனி என் பாட்டு, என் கடை!

ஒரு தடவை சூடு பட்டால் போதாதா? ஹாரி பேஸ் என்ற படித்த நண்பரோடு சேர்ந்து 'பேஸ் அண்ட் ஹேண்டி' என்ற பதிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். இனி எழுதுவதை எல்லாம் தாங்களே அச்சிடுவது, தாங்களே விற்பது. கறுப்பினத்தவருக்குச் சொந்தமான இசைப் பதிப்பகம் என்பதே அன்றைக்கு அபூர்வம்.

அடுத்த ஹிட் கொடுத்தே ஆக வேண்டும். வீட்டில் குழந்தைகள் சத்தம். பீல் தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்தார். அப்போது நினைவுக்கு வந்தாள், செயின்ட் லூயிஸ் வீதியில் புலம்பிக்கொண்டு போன அந்தப் பெண். கியூபாவின் ஹபனேரா தாளமும் வந்து சேர்ந்தது. 1914 செப்டம்பரில் வெளியானது 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்'.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. அந்த வருடம் டேங்கோ நடனத்துக்கு ஏக மவுசு. பாட்டை டேங்கோ மாதிரி தொடங்கி, ஜனங்கள் ஆட ஆரம்பித்ததும் சட்டென்று ப்ளூஸுக்குள் இழுத்துப் போட்டார் ஹேண்டி. ஆடியவர்களுக்கு மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்ததாம்!

அடுத்தடுத்து 'ஜோ டர்னர் ப்ளூஸ்', 'பீல் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' என்று வந்தன. டட்வைலர் ரயில் நிலையத்தில் கேட்ட அந்த இரட்டை ரயில் பாதை விஷயம் 'யெல்லோ டாக் ராக்' என்ற பாட்டில் வந்தது. அது முதலில் சரியாகப் போகவில்லை. தலைப்பில் 'ராக்'கை எடுத்துவிட்டு 'ப்ளூஸ்' என்று மாற்றினார். 1919-ல் வந்த அதன் ரெக்கார்டு பிய்த்துக்கொண்டு போனது. கல்லூரியில் கற்ற பெயர் மாற்றும் பாடம் வேலை செய்தது, பார்த்தீர்களா!

நியூயார்க்: ஏற்றமும் இறக்கமும்

1917 செப்டம்பரில் நியூயார்க்குக்குத் தன் குழுவை அழைத்துப்போய் ரெக்கார்டுகள் பதிவு செய்தார். சீக்கிரமே பதிப்பகமும் அங்கே குடிபெயர்ந்து, டைம்ஸ் சதுக்கத்தில் அலுவலகம் போட்டது.

ஆனால் நல்ல காலம் நீடிக்கவில்லை. கூட்டாளி ஹாரி பேஸ் பிரிந்துபோய் 1921-ல் 'பிளாக் ஸ்வான்' என்ற ரெக்கார்டு நிறுவனத்தைத் தொடங்கினார். சண்டை போட்டுப் பிரியவில்லை என்றாலும், திறமையான பலர் அவரோடு போய்விட்டார்கள். கடன் ஏறியது. அதே நேரத்தில் ஹேண்டிக்குக் கண் பார்வையும் மங்கி, சில காலம் ஒன்றுமே தெரியாத நிலை. எந்த நிறுவனமும் மூடப்பட்டிருக்க வேண்டிய நேரம். குடும்பத்தோடு சேர்ந்து தாக்குப்பிடித்தார். பாட்டுகளின் உரிமையை மட்டும் கையை விட்டுப் போகவிடவே இல்லை.

அந்தப் பிடிவாதம் பலன் தந்தது. 1925-ல் பெஸ்ஸி ஸ்மித் பாட, இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் வாசிக்க, 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' புது உயிர் பெற்றது. 1926-ல் ப்ளூஸ் பாடல்களைத் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவந்தார். 1928-ல் நியூயார்க்கின் மதிப்புமிக்க கார்னகி ஹாலில் கறுப்பின மக்களின் இசை வரலாற்றையே ஒரு கச்சேரியாக நடத்திக் காட்டினார். சாத்தானின் சாமான் என்று அப்பா ஒதுக்கியது, கார்னகி ஹாலில் ஒலித்தது!

1940-ல் இன்னொரு இனிப்பான செய்தி. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை முதலில் 28 வருடத்துக்குத்தான். அதற்கு மேல் எழுதியவர் புதுப்பித்துக்கொள்ளலாம். 1912-ல் பறிபோன 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' கெடு முடிந்து, உரிமை ஹேண்டியிடமே திரும்பி வந்தது. அவருக்கு அப்போது வயது 66.

உண்மையிலேயே இவர்தான் 'தந்தை'யா?

1938-ல் ஒரு பெரிய சர்ச்சை வெடித்தது. வானொலி நிகழ்ச்சி ஒன்றில் ஜாஸுக்கும் ப்ளூஸுக்கும் மூலவர் என்று ஹேண்டியை அறிமுகப்படுத்தினார்கள். நியூ ஆர்லியன்ஸ் பியானோ மேதை ஜெல்லி ரோல் மார்ட்டன் கொதித்துப்போனார். ஹேண்டி ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை என்று காட்டமாகக் கடிதம் எழுத, 'டவுன்பீட்' பத்திரிகை அதை வெளியிட்டது. ஹேண்டியும் பதில் கொடுத்தார்.

யார் பக்கம் நியாயம்? தேதிகளைப் பார்த்தால், 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' அச்சான அதே 1912-ல் அதற்குச் சில மாதங்கள் முன்பே ஹார்ட் வாண்ட் என்பவரின் 'டல்லஸ் ப்ளூஸ்' வந்துவிட்டது. ஆக, 'முதல்' என்ற பட்டம் ஹேண்டிக்குப் பொருந்தாது.

இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்றும் இருக்கிறது. டட்வைலரில் கத்தியால் கிடார் வாசித்தவருக்கும், கிளீவ்லாந்தில் வாசித்த மூன்று பேருக்கும் என்ன கிடைத்தது? அவர்கள் இசை அச்சேறி, காப்புரிமை ஆனது, பெயர் ஏறவில்லை. ஹேண்டியிடமிருந்து ஒரு பாட்டு பறிபோனது நமக்கு வலிக்கிறது என்றால், இதுவும் கொஞ்சம் உறுத்தத்தானே வேண்டும்?

ஆனால் ஹேண்டி இதை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாரிடம் கேட்டேன், எங்கே கேட்டேன், எனக்கு எப்போது புத்தி வந்தது என்று 1941-ல் வந்த சுயசரிதையில் அவரே விலாவாரியாக எழுதினார். அந்த முகம் தெரியாத கிடார்காரரைப் பற்றி நமக்குத் தெரிவதே ஹேண்டி சொன்னதால்தான். இத்தனைக்கும் அந்தப் புத்தகத்தின் தலைப்பு என்னவோ 'ப்ளூஸின் தந்தை'தான்! ப்ளூஸைப் பெற்றவர் என்பதைவிட, ஊரார் பிள்ளையைப் படிக்க வைத்து உலகுக்கு அனுப்பியவர் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

கடைசி நாட்கள்

1943-ல் சுரங்க ரயில் மேடையிலிருந்து தவறி விழுந்ததில் பார்வை முழுவதும் போனது. 1955-ல் பக்கவாதம், பிறகு சக்கர நாற்காலி. முதல் மனைவி எலிசபெத் 1937-ல் காலமாகியிருந்தார். 80 வயதில், தன் செயலாளராக இருந்த இர்மா லோகனை மணந்தார். அதே 1954-ல், ஒரு காலத்தில் இவர் பாட்டுக்குக் கார்னெட் வாசித்த லூயி ஆம்ஸ்ட்ராங், ஹேண்டியின் பாடல்களை மட்டுமே கொண்டு ஒரு முழு ஆல்பம் வெளியிட்டார்.

1958 மார்ச் 28 அன்று, 84-வது வயதில் நியூயார்க்கில் ஹேண்டி மறைந்தார். ஹார்லெம் பகுதியில் நடந்த இறுதி ஊர்வலத்தைப் பார்க்கத் தெருக்களில் ஒன்றரை லட்சம் பேர் வரை திரண்டதாகச் சொல்கிறார்கள். அடுத்த மாதமே அவர் வாழ்க்கையைத் தழுவிய படம் திரைக்கு வந்தது. ஹேண்டியாக நடித்தவர் பாடகர் நாட் கிங் கோல். 1969-ல் அமெரிக்க அரசு தபால்தலை வெளியிட்டது. அவர் பிறந்த ஃப்ளாரன்ஸில் 1982 முதல் ஆண்டுதோறும் அவர் பெயரில் இசை விழா நடக்கிறது.

நீங்கள் எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

படித்தது போதும், கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறதா? இந்த வரிசையில் போங்கள்:

1. பெஸ்ஸி ஸ்மித் - 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' (1925): மூன்றே பேர். குரலுக்குக் கார்னெட் எப்படிப் பதில் சொல்கிறது என்று கவனியுங்கள். பின்னணியில் ஹார்மோனியத்துக்கு உறவான துருத்தி ஆர்கன் ஒலிக்கும். நம் காதுக்குச் சட்டென்று பழகிவிடும்.
2. 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' குறும்படம் (1929): சுமார் கால் மணி நேரம்தான். பெஸ்ஸி ஸ்மித் நடித்த ஒரே படம் இது.
3. லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹேண்டி ஆல்பம் (1954): ஒலிப்பதிவு தெளிவு. முதல் தடவை கேட்பவர்களுக்கு இதுதான் சுலபம்.
4. ஹேண்டியின் சொந்தக் குழுவின் 1917 பதிவுகள்: பழைய ரெக்கார்டின் கரகரப்பு இருக்கும். ஆனால் பேண்டு மாஸ்டர் ஹேண்டியைச் சந்திக்க வேண்டும் என்றால் இங்கேதான் வர வேண்டும்.

கேட்கும்போது, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் வருகிற அந்தச் சின்ன இடைவெளியைக் கவனிக்க மறந்துவிடாதீர்கள். ஒன்பது மணி நேரம் லேட்டான ரயிலுக்காகக் காத்திருந்த ராத்திரியில், பெயர் தெரியாத ஒருவரின் கிடார் பதில் பேசியதும் அதே இடத்தில்தான்.